மூன்று தரம் சொன்ன மாடு

என் வலது கையில், முழங்கைக்குச் சற்றுக் கீழே தொடங்கி மணிக்கட்டுக்கு நாலு விரல் முன்பாக முடியும் ஒரு தழும்பு இருக்கிறது. நெடுங்காலமாக அதற்கு இரண்டு கதைகள் இருந்தன. ஒன்று ஊருக்கே தெரியும். மற்றது எனக்கும் ஒரு மானுக்கும் மட்டும் தெரியும். அந்த மான் இதற்குள் செத்திருக்கும். செத்திருக்காவிட்டாலும் அது யாரிடமும் போய்ச் சொல்லியிருக்காது என்ற தைரியத்தில்தான் இருபத்திரண்டு வருடம் குடும்பம் நடத்தினேன்.

ஊருக்குத் தெரிந்த கதை பிறந்த இடம் திருகோணமலைக்குப் பக்கத்து உப்புவெளி. கலியாணம் பேசி முதன்முதலாகப் பெண் வீட்டுக்குப் போயிருந்தோம். கையில் பெரிய கட்டு. பெரியவர்கள் சாதகம், உத்தியோகம், வீட்டுக்கு ஓடு போட்டதா தகரமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். தேத்தண்ணித் தட்டோடு வந்தவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கட்டைத்தான் பார்த்தாள். “கையில என்ன நடந்தது?” என்று கேட்டாள். அவள் என்னோடு பேசிய முதல் வார்த்தைகள் அவைதான்.

உண்மையைச் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் கதிரை நுனியில் ஒன்பது பேர் இருந்து என்னையே பார்க்கும்போது, “பஸ் ஸ்ராண்டடியில் ஒரு மான் என் சோற்றுப் பார்சலைப் பறித்தது, நான் விடவில்லை” என்று எந்த மாப்பிள்ளையால் சொல்ல முடியும்? “மாடு முட்டினது” என்றேன். ஒரு மிருகத்துக்குப் பதிலாக இன்னொரு மிருகம், அவ்வளவுதான். கொம்பு உண்மை. இரத்தம் உண்மை. பதினொரு தையலும் உண்மை.

“உங்களை ஏன் முட்டினது?” என்று கேட்டாள். கண்கள் அகல விரிந்திருந்தன. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு பசு துரத்தி, கழுத்தளவு கடலுக்குள் போய் நின்று தப்பியவள் என்பது எனக்கு அப்போது தெரியாது. முட்டியதற்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. ஒரு தாய் தானாகவே என் வாயிலிருந்து வந்தாள். தாய் மட்டும் போதாது போலிருந்தது, இடுப்பில் ஒரு பிள்ளையையும் வைத்தேன். “சந்தையடியில, நாம்பன் மாடொண்டு அதுகளை முட்ட வந்தது. நான் குறுக்கால பாய்ஞ்சனான்” என்றேன். அவளுடைய தகப்பனார் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு ஓட்டைப் பற்றியோ தகரத்தைப் பற்றியோ யாரும் கேட்கவில்லை. வங்கியில் வேலை பார்த்த ஒரு மாப்பிள்ளையும் அப்போது பேச்சில் இருந்தாராம். பாவம், மனுசன் தோற்றது என்னிடமில்லை, மாட்டிடம்.

பொய் சொன்னதற்குக் கடவுள் உடனே தண்டிப்பதில்லை, மாடுகளை அனுப்பி வைக்கிறார். திருகோணமலைத் தெருக்களில் மாடுகளுக்குக் குறைவே இல்லை. நடுவீதியில் படுத்துக்கொண்டு பஸ்ஸுக்கும் வழிவிடாத மாடுகள். தெருவில் ஒரு கொம்பு தெரிந்தால் போதும், என் மனைவி எனக்குப் பின்னால் போய், சட்டையை இறுகப் பிடித்து, கண்ணை மூடிக்கொள்வாள். நான் முன்னால் நிற்க வேண்டும். அதோடு விட்டாளா? கதையை ஓர்ஸ் ஹில்லுக்குக் கீழே எங்கள் ஒழுங்கை முழுக்கப் பரப்பிவிட்டாள். யார் வளவுக்குள் மாடு புகுந்தாலும், “மாட்டண்ணையைக் கூப்பிடுங்கோ” என்று வேலிக்கு மேலால் குரல் வரும். மாட்டண்ணை நான்தான். எனக்கு மாடென்றால் சின்ன வயதிலிருந்தே பயம். ஆடென்றாலும் கொஞ்சம் யோசிப்பேன்.

இப்படியே காலம் போயிருக்கும், தழும்பு கடிக்காமல், அதாவது அரிக்காமல், இருந்திருந்தால். ஒவ்வொரு வாடைக் காலத்திலும் அது கடிக்கத் தொடங்கும். சும்மா கடியில்லை, அலுவலகத்தில் கோப்பை மூடி வைத்துவிட்டு மேசை விளிம்பில் கையைத் தேய்க்கிற கடி. ஆஸ்பத்திரிக் களிம்பு பூசினேன். பரியாரியாரின் நாட்டு மருந்து எண்ணெயைப் பூசிக்கொண்டு போய் அலுவலகம் முழுக்க மணக்க வைத்தேன். கோயிலுக்கு நேர்த்தி வைத்தேன். கடி அசையவில்லை.

என் மனைவி உப்புவெளி விடுதிகளுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுப்பவள். ஒருநாள் ஒரு விடுதியில் சீலை மாட்டிவிட்டு வந்தவள் நிலத்தில் கால் பாவாமல் வந்தாள். “இஞ்சருங்கோ, அந்த விடுதிக்குப் பின்னறையில ஒரு பிள்ளை பச்சை குத்துது. வடிவுக்கு இல்லையாம். காயம் பட்ட இடத்தில குத்தினா காயம் ஆறுமாம். வெள்ளைக்காரர் வரிசையில இருந்து அழுதுபோட்டுப் போகுதுகள்” என்றாள். ஐம்பத்தொரு வயதில் அரசாங்க உத்தியோகத்தன் கையில் பச்சையா என்று கேட்டேன். “அழகான நாம்பன் மாடொண்டு குத்துவம். அந்தத் தழும்புக்கு மேல. நீங்கள் செய்ததுக்கு ஒரு அடையாளம் வேணுமெல்லே” என்றாள். எனக்குக் கடி அந்த நிமிடமே நின்றுவிட்டது. சொன்னேன், அவள் நம்பவில்லை.

அடுத்த போயா, பௌர்ணமி விடுமுறையன்று ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனேன், அல்லது ஏற்றப்பட்டுப் போனேன். பச்சை குத்துபவள் முப்பது வயது மதிக்கத்தக்க பெண். கழுத்தில் சிறிய வெள்ளிச் சிலுவை, கையில் உறை, முகத்தில் சிரிப்பென்ற ஒன்று மருந்துக்குமில்லை. அறையில் சாம்பிராணி புகைந்தது. மெசின் எதுவும் இல்லை. கையால் ஒவ்வொரு புள்ளியாகக் குத்துவாளாம். மூலையில் ஒரு சின்ன மேசை, மேலே ஒரு பேசின் நிறையத் தண்ணீர். காலையில் கடலில் அள்ளி வந்ததாம்.

“அண்ணை, என்னட்ட ஒரு முறை இருக்கு” என்றாள். “காயம் எப்பிடி வந்ததெண்டு மூண்டு தரம் சொல்ல வேணும். முதல் எனக்கு. பிறகு இந்தத் தண்ணிக்கு, தனிய. கடைசியா உங்களோட வந்த ஆளுக்கு. கதை மாறாம இருந்தாத்தான் நான் ஊசி எடுப்பன்.”

“மாறினா?” என்று கேட்டேன்.

“பொய்யில மை பிடிக்காது அண்ணை. போன மாதம் ஒரு வெள்ளைக்காரர் வந்து சுறா கடிச்சதெண்டு சொன்னவர். எனக்குச் சொல்லேக்க சுறா. தண்ணியில கைய வச்சதோட அழுதுகொண்டு வெளிய வந்து, அது நாயெண்டார். பெண்சாதிக்குச் சொல்லேக்கதான் உண்மை வந்தது, குளிக்கிற அறையில வழுக்கி விழுந்தவராம். கடைசியில ஒரு தண்ணிப் பைப்புத்தான் குத்திவிட்டனான். கட்டிப்பிடிச்சு நன்றி சொன்னவர்.”

என் மனைவி வெளியே போய்ப் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தாள். நான் பெண்ணிடம் மாட்டுக் கதையைச் சொன்னேன். நன்றாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன், இருபத்திரண்டு வருடப் பழக்கம். அவள் தலையாட்டவுமில்லை, வியக்கவுமில்லை. பேசினைக் காட்டிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனாள்.

தண்ணீருக்குக் கதை சொல்வதென்பது எவ்வளவு பைத்தியக்கார வேலை என்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கையை உள்ளே வைத்தேன். “சந்தையடியில ஒரு நாம்பன்” என்று தொடங்கினேன். தண்ணீர் சும்மா இருந்தது. என் மனைவியைப் போலக் கண்ணை விரிக்கவில்லை. கண் விரிக்காத ஆளுக்குப் பொய் சொல்வது பெரிய கஷ்டம், ஒரு லாபமுமில்லை. யாருமில்லைத்தானே என்று நினைத்து, குனிந்து, மெதுவாக உண்மையைச் சொன்னேன்.

பஸ் ஸ்ராண்டடியில் வாகை மரத்து நிழலில் இருந்து பார்சலைப் பிரித்தேன். குத்தரிசிச் சோறு, பூசணிக்காய், பருப்பு, பொரித்த சூடை மீன். மாடுகளைப் போலவே எங்கள் டவுனுக்குள் அலையும் புள்ளிமான்களில் கொம்புள்ள ஒன்று வந்து நின்றது. பார்க்கப் பாவமாக இருந்தது, ஒரு பிடி வைத்தேன். அது அந்தப் பிடியை விட்டுவிட்டுப் பார்சலைக் கவ்வியது. நான் மற்றப் பக்கத்தைப் பிடித்து இழுத்தேன். விட்டிருக்கலாம். சூடை மீன் பொரியலை நினைத்து விடவில்லை. அது தலையை ஒருமுறை உதறியது, அவ்வளவுதான். நான் கையைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருக்க, அது எனக்கு எதிரிலேயே நின்று, சோறு சுற்றியிருந்த லஞ்ச் சீற்றையும் சேர்த்துத் தின்றது. பள்ளிக்கூட வான் ஒன்று நின்று, உள்ளேயிருந்த, என்னை யாரென்று தெரியாத பிள்ளைகள் அத்தனையும் கைதட்டின. மானுக்குத்தான்.

சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசானது. சரி, தண்ணீருக்குத் தெரிந்தது தண்ணீரோடு போகட்டும் என்று கையைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். மூன்றாவது தரம் மனைவியை முன்னால் இருத்திப் பழைய மாட்டையே சொல்லத் தொடங்கினேன். ஆனால் உண்மையைச் சொன்ன வாய்க்குப் பொய் சரியாக வரவில்லை.

“அண்ணை, கொஞ்சம் நில்லுங்கோ” என்றாள் பெண். “எனக்குச் சொல்லேக்க மாடு மண்ணிறம். இப்ப கறுப்பு. தாயின்ர இடுப்பில ஒரு பிள்ளை, இப்ப ரெண்டு. இண்டைக்கு ஏலாது.” மைப் போத்தலை மூடினாள்.

அதோடு எழுந்து வந்திருந்தால் எல்லாம் சுபம். ஆனால் என் மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்காக வந்த கோபம், அதுதான் கொடுமை. “என்ர மனிசனைப் பொய்யன் எண்டுறியோ பிள்ளை? அவருக்கு ஞாபகம் குறைவு. நேற்று வாங்கின மீன் என்னெண்டு கேட்டாலும் தெரியாது. நான் சொல்லுறன் கேள்!” என்று கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

சொன்னாள். மண்ணிற நாம்பன். இடது கொம்பு நுனி உடைந்தது. தாயின் இடுப்பில் ஒரே பிள்ளை, சிவப்புச் சட்டை. நான் தோளில் போட்டிருந்த துவாயை எறிந்துவிட்டுப் பாய்ந்தது. ஒரே மூச்சில் முடித்தாள். பிறகு கேட்காமலே பேசினில் கையை வைத்து, கதவைக்கூடச் சாத்தாமல் தண்ணீருக்கும் சொன்னாள். ஒரு சொல் மாறவில்லை. மூச்சு விட்ட இடங்கள்கூட மாறவில்லை. பிறகு என் முன்னால் வந்து இருந்து, என் கண்ணைப் பார்த்து, என் வீரத்தை எனக்கே சொன்னாள். “நீங்கள் உங்கட உயிரைப் பார்க்கேல்ல. குறுக்கால பாய்ஞ்சீங்கள்” என்று முடித்தபோது அவள் குரல் தழுதழுத்தது. எனக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது.

பச்சை குத்தும் பெண் மூடிய மைப் போத்தலைத் திரும்பத் திறந்தாள். “அக்காவின்ர கதை மூண்டு தரமும் மாறேல்ல. அக்காவுக்கு வேணுமெண்டா நான் குத்துவன்” என்றாள்.

“குத்து” என்று என் மனைவி கையை நீட்டினாள். “எனக்கு மாடெண்டா உயிர் போற பயம் பிள்ளை. கடைக்குத் தனியப் போக மாட்டன். இதை என்ர கையில போட்டா அந்தப் பயம் போயிடும். பார்க்கேக்கெல்லாம் இவர் முன்னால நிக்கிற மாதிரி இருக்கும்.”

பெண் பேனையால் அவள் கையில் மாட்டைக் கீறத் தொடங்கினாள். எவ்வளவு கெட்டிக்காரி தெரியுமா? ஐந்து நிமிடத்தில் உயிருள்ள மாடு. உடைந்த கொம்பு நுனிகூட இருந்தது. நான் உலகத்தில் இல்லாத அந்த மாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் கையில் பொய்யைக் குத்தியிருந்தால்கூடச் சகித்திருப்பேன். முழுக்கைச் சட்டை போட்டு மறைத்திருப்பேன். அவள் கையில், அவள் சாகும்வரை, அவள் நம்பிக்கையோடு பார்த்துப் பார்த்துத் தைரியம் எடுப்பதற்கு என் பொய்யா? பெண் புது ஊசியின் உறையைக் கிழித்தாள். மையில் தோய்த்தாள். குனிந்தாள்.

“மான்!” என்று கத்தினேன்.

இருவரும் திரும்பி வாசலைப் பார்த்தார்கள், மான் வந்துவிட்டதாக்கும் என்று.

“மாடில்லை. அது மான். பஸ் ஸ்ராண்ட் மான். என்ர சோத்துப் பார்சலை இழுத்தது. நான் விடேல்ல” என்றேன். பேச்சு அடுக்கில்லாமல் வந்தது. பூசணிக்காய், சூடை மீன், பள்ளிக்கூட வான், கைதட்டல் எல்லாவற்றையும் கொட்டினேன். பெண் ஊசியை வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின. முதல் தடவையாக அவளுக்குச் சிரிப்பும் வரும் என்று தெரிந்தது.

என் மனைவி சிரிக்கவில்லை. “தாயும் பிள்ளையும்?” என்றாள்.

“இல்லை.”

“சிவப்புச் சட்டை?”

“அது நீர் போட்டது. நான் சட்டையைப் பற்றிக் கதைக்கவே இல்லை.”

அவள் எழுந்து, செருப்பைப் போட்டு, ஸ்கூட்டரடியில் போய் நின்றாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் அவள் என் தோளைப் பிடிக்கவில்லை. பின்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் பேனை மாட்டைத் தேய்த்துக்கொண்டு வந்தாள். அவள் ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வங்கி மாப்பிள்ளையைப் பற்றித்தான் யோசிக்கிறாள் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது.

எங்கள் ஒழுங்கை வாசலில் நிறுத்த வேண்டியதாயிற்று. நடுவில் ஒரு நாம்பன் நின்றது. உண்மையான நாம்பன், இரண்டு கொம்பும் முழுசாக. வேறு நாட்களில் என்ன செய்வேனோ அதையே செய்தேன், வேறொன்றும் தெரியாது. ஸ்கூட்டரை நிறுத்தி, இறங்கி, முன்னால் போய்க் கையைத் தட்டி “ஹை, ஹை” என்றேன். அது தலையைத் தாழ்த்தி என்னைப் பார்த்தது. முழங்கால்கள் இரண்டும் ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளத் தொடங்கின. எப்போதும் அடிப்பவைதான். ஆனால் எப்போதும் அவள் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். அன்று கோபத்தில் கண்ணைத் திறந்து வைத்திருந்தாள்.

“என்னப்பா கால் நடுங்குது?” என்ற குரல் பின்னால் கேட்டது.

“பயம்” என்றேன். ஒரே நாளில் எத்தனை உண்மைதான் சொல்வது.

“மாட்டுக்கோ?”

“ஓம்.”

“இண்டைக்கு மட்டுமோ?”

“எப்பவும்தான்.”

பிறகு செருப்புச் சத்தம் கேட்டது. அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். பின்னால் இல்லை, பக்கத்தில். என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொண்டு, “ஹை” என்றாள். குரலே வரவில்லை. இருவருமாகச் சேர்ந்து “ஹை” என்றோம். மாடு எங்களை இருவரையும் ஆறுதலாகப் பார்த்தது, வாலைத் தூக்கி மூத்திரம் பெய்தது, அங்கேயே படுத்துக்கொண்டது. நாங்கள் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு மற்ற ஒழுங்கையால் சுற்றி வீட்டுக்குப் போனோம்.

மூன்று நாள் எனக்குக் குழம்பு மட்டும்தான் கிடைத்தது, மீன் துண்டு விழவில்லை. நாலாம் நாள் பொரித்த சூடை மீன் வைத்தாள், ஒரு தட்டு நிறைய. “மான் வராது, ஆறுதலாச் சாப்பிடுங்கோ” என்றாள். அப்போதுதான் அவள் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் குசினி வாசலில் இருந்துவிட்டாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அடுத்த ஞாயிறு மறுபடியும் உப்புவெளிக்குப் போனோம். நான் மூன்று தரமும் மானைச் சொன்னேன், ஒரு பூசணிக்காய்த் துண்டுகூட மாறவில்லை. இப்போது என் தழும்புக்கு மேல், வாயில் ஒரு சோற்றுப் பார்சலோடு ஒரு மான் நிற்கிறது. இந்த வாடையில் கடித்ததா என்று கேட்கிறார்கள். கடித்தது. ஆனால் சொறியும்போது மான் அசைவதைப் பார்த்து அலுவலகத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள், நானும் சிரிக்கிறேன்.

என் அலுவல் முடிந்ததும் மனைவி, “எனக்கும் ஒரு கதை இருக்கு பிள்ளை” என்று கையை நீட்டினாள். பெண்ணிடம் ஒருமுறை சொன்னாள். தண்ணீரிடம் ஒருமுறை சொன்னாள், இந்தத் தடவை கதவைச் சாத்திக்கொண்டு. அதனால் என்ன கதையென்று எனக்குத் தெரியாது. மூன்றாம் தரம் என் முன்னால் வந்து இருந்தாள்.

“என்ர மனிசனுக்கு மாடெண்டா சரியான பயம்” என்றாள். “கால் ரெண்டும் நடுங்கும். அப்பிடி இருந்தும் இருபத்திரண்டு வருசமா, எந்த மாடு வந்தாலும் எனக்கு முன்னால போய் நிண்டவர்.”

கதை அவ்வளவுதான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு குனிந்திருந்தேன்.

“கதை மாறேல்ல” என்றாள் பெண், புது ஊசியைப் பிரித்துக்கொண்டு. “அண்ணை, அழுறதெண்டா கொஞ்சம் அங்கால போய் அழுங்கோ. மைக்குள்ள விழப்போகுது.”